லிபரல் என்றால் யார்? வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாதி



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "சார், லிபரல் என்றால் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பவர் என்று நீங்கள்தானே எட்டாம் வகுப்பில் சொன்னீர்கள்? அமெரிக்காவில் படிக்கும் என் மகள், அரசாங்கம் ஏழைகளுக்குச் செய்ய வேண்டும் என்பவர்தான் லிபரல் என்கிறாள். எது சரி?" என்றார். நான் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மீதி இதோ.

இங்கிலாந்தில் வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி இருந்தது. நிலச்சுவான்தார்களுக்கு லாபம், கூலிக்காரனுக்கு ரொட்டி விலை ஏற்றம். காப்டனும் பிரைட்டும் போராடி, 1846-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. அரசாங்கம் கையை எடுத்தால் ஏழைக்கு நல்லது என்று அன்றைய லிபரல்கள் நம்பியதில் நியாயம் இருந்தது.

ஆனால் அதே சமயம் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயால் பஞ்சம். சந்தையைத் தொடக் கூடாது என்ற அதே கொள்கையால் நிவாரணம் சுருங்கியது. தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். நிவாரணத்தை மேற்பார்த்த நிதித்துறை அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். நம் சென்னைக்கு 1859-இல் கவர்னராக வந்தாரே, அவரேதான்.

பசித்தவனுக்குச் சுதந்திரம் என்றால் என்ன? இந்தக் கேள்விதான் லிபரல்களை இரண்டாகப் பிரித்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டி.எச்.கிரீன் 1881-இல் ஓர் உரையில், தடை இல்லாதிருப்பது மட்டும் சுதந்திரம் ஆகாது, நல்லதைச் செய்யும் திறனும் வேண்டும் என்று வாதிட்டார். வேலை கேட்டு நிற்பவனும் முதலாளியும் போடும் ஒப்பந்தத்தில் இருவருக்கும் சம சுதந்திரம் ஏது?

ஹெர்பர்ட் ஸ்பென்சருக்கு இது பொறுக்கவில்லை. லிபரல் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் புதுமாதிரி டோரிகளாகிவிட்டார்கள் என்று 1884-இல் எழுதினார். கட்டாயப்படுத்துவது ராஜாவானால் என்ன, பார்லிமெண்டானால் என்ன என்பது அவர் வாதம். அதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜி, பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்ஜியத்தை எதிர்த்ததும் ஏறக்குறைய இந்தப் பக்கம் நின்றுதான்.

இங்கிலாந்தில் ஜெயித்தது கிரீன் பக்கம். 1908-இல் லிபரல் அரசாங்கமே முதியோர் பென்ஷன் சட்டம் கொண்டுவந்தது. 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை, 1909 ஜனவரி 1 முதல் தபால் நிலையத்தில் கொடுத்தார்கள். பென்ஷன் வாங்குகிறவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்! அடுத்து லாயிட் ஜார்ஜ் பணக்காரர்கள்மீது வரி போட, பிரபுக்கள் சபை பட்ஜெட்டையே நிராகரித்தது. 1910-இல் மட்டும் இரண்டு பொதுத்தேர்தல். 1911-இல் பிரபுக்களின் அதிகாரத்தையே குறைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் பிற்பாடு ரூஸ்வெல்ட் காலத்தில் இந்தப் புது அர்த்தமே நிலைத்தது. ஆஸ்திரேலியாவிலோ 1944-இல் தொடங்கிய லிபரல் கட்சி வலதுசாரிக் கட்சி!

ஆக, அந்தப் பெண் சொன்னது கிரீனின் லிபரல்; நான் வகுப்பில் சொன்னது ஸ்பென்சரின் லிபரல். "அப்பாவின் வாத்தியார் பாதிப் பாடத்தை விட்டுவிட்டாராம்" என்று அவளிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.