சாவி ஒருவர் கையில்

1906 தேர்தலில் பிரிட்டனில் பெரும் பலத்தோடு வென்ற லிபரல் கட்சி, 1924 அக்டோபர் தேர்தலில் வெறும் 40 இடங்களோடு சிறு கட்சியாகச் சுருங்கியது. தொழிலாளர் வாக்குகள் தொழிற்கட்சிக்குப் போனதையும், அஸ்க்வித், லாயிட் ஜார்ஜ் என்ற இரு தலைவர்களின் பகையையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மையே. ஆனால் விழுந்த கட்சி எழ முடியாமல் போனதற்கு, அதன் பணம் கட்சியிடம் இல்லாமல் ஒரு தலைவரிடம் இருந்ததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

1916-இல் அஸ்க்வித்தின் இடத்தில் பிரதமரான லாயிட் ஜார்ஜுக்குப் பதவி கிடைத்தது, கட்சி கிடைக்கவில்லை. கிளைகளும் தலைமையகமும் அஸ்க்வித் பக்கமே நின்றன. எனவே தன் கட்டுப்பாட்டில் தனி நிதி ஒன்றைத் திரட்டினார். அதில் பெரும்பங்கு பட்டங்களை விற்று வந்தது. ‘சர்’ பட்டத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு, அதற்கு மேற்பட்ட பட்டங்களுக்கு அதைவிடப் பல மடங்கு என்று தரகர்கள் விலை பேசினார்கள். மோசடி வழக்கில் தோற்ற தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளி ஜோசப் ராபின்சனின் பெயர் 1922-இல் பிரபுப் பட்டியலில் வந்ததும் நாடாளுமன்றம் கொதித்தெழுந்தது. பட்ட விற்பனையைக் குற்றமாக்கும் சட்டம் 1925-இல் நிறைவேறியது. நிதியோ, ‘டெய்லி கிரானிக்கிள்’ நாளிதழ் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டு வளர்ந்துகொண்டிருந்தது. பட்டத்துக்குப் பணம் வாங்காத கட்சி அன்று எது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; முந்தைய கொறடாக்களும் வாங்கினார்கள். அந்தப் பணம் கட்சிக் கருவூலத்துக்குப் போனது. தலைவர் மாறினாலும் அங்கேயே இருந்தது. லாயிட் ஜார்ஜின் நிதி அவர் போகுமிடமெல்லாம் கூடவே போகும். அதற்குக் கட்சியில் யாரும் கணக்குக் கேட்க முடியாது. வழியின் தூய்மையைவிட இந்த வேறுபாடுதான் கட்சியின் தலைவிதியைத் தீர்மானித்தது.

1923-இல் இரு பிரிவுகளும் இணைந்தபோது தலைவர்கள் மேடையில் கைகோத்தார்கள், கருவூலங்கள் இணையவில்லை. அடுத்த ஆண்டே மீண்டும் தேர்தல் வந்தது. கட்சி அலுவலகம் லாயிட் ஜார்ஜிடம் பணம் கேட்டு மன்றாடியது. நீண்ட பேரத்துக்குப் பிறகு கிடைத்தது 50,000 பவுண்டு. 615 இடங்களில் நிறுத்த முடிந்தது சுமார் 340 வேட்பாளர்களை. ஒவ்வொருவருக்கும் 150 பவுண்டு வைப்புத்தொகை கட்ட வேண்டியிருந்த காலம் அது. பாதியளவு தொகுதிகளில் ஆளே இல்லாத கட்சி நாட்டை ஆளும் என்று எந்த வாக்காளர் நம்புவார்? இந்த அடிமைத்தனத்திலிருந்து விடுபட, 1925-இல் உறுப்பினர்களிடமே பத்து லட்சம் பவுண்டு திரட்டும் முயற்சி தொடங்கியது. அது படுதோல்வி அடைந்தது. தலைவரிடம் மலைபோல் பணம் குவிந்திருக்க, கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் எதற்காகத் தங்கள் சில்லறையைத் தரவேண்டும்? என்னைப் பொறுத்தவரை அந்த நிதி செய்த மிகப்பெரிய கேடு இதுதான். சாதாரண உறுப்பினர் பணம் தருவது நின்றது. பணம் தந்த உரிமையில் அவர் கேள்வி கேட்பதும் அதோடு நின்றது.

லாயிட் ஜார்ஜின் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அந்தப் பணத்தை அவர் ஆடம்பரத்தில் கரைத்துவிடவில்லை. கெய்ன்ஸ் போன்ற அறிஞர்கள் பங்கேற்ற தொழில்துறை ஆய்வு 1928-இல் ‘மஞ்சள் புத்தகம்’ என்ற பெயர்பெற்ற அறிக்கையாக வெளிவந்தது. வேலையின்மைக்கு அன்று எந்தக் கட்சியும் முன்வைக்காத திட்டம் அதிலிருந்து பிறந்தது. 1929 தேர்தலுக்கு அவர் சுமார் மூன்று லட்சம் பவுண்டு தந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் நின்றார்கள், 59 பேர் வென்றார்கள். இதை நான் மறுக்கவில்லை; அந்த அறிக்கையை மதிக்கிறேன். ஆனால் 1924-இல் 340, 1929-இல் ஐந்நூறுக்கு மேல் என்ற கணக்கைப் பாருங்கள். இடையில் மாறியது, அஸ்க்வித் விலகி லாயிட் ஜார்ஜ் முழுத் தலைவரானது. அவர் தலைமைக்கு முன் இறுகியிருந்த பண முடிச்சு பின் அவிழ்ந்தது. அவர் தலைமையை ஏற்க மறுத்த மூத்த தலைவர் எட்வர்ட் கிரே முதலானோர் 1927-இல் கட்சிக்குள்ளேயே தனி அமைப்பு கண்டார்கள்.

1931-இல் கட்சி உடைந்தது. அந்த ஆண்டு தேர்தல் நடத்துவதை எதிர்த்த லாயிட் ஜார்ஜ், மகன், மகள், ஓர் உறவினர் உட்பட நால்வர் அணியாக ஒதுங்கினார். நிதியும் அவரோடு ஒதுங்கியது. 1935-இல் அவர் தொடங்கிய செயற்குழு, தன் கேள்விகளுக்கு உடன்பாடான பதில் தந்த வேட்பாளர்களை, எந்தக் கட்சியினராயினும் ஆதரித்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் லிபரல் கட்சி வென்றது 21 இடங்கள்.