மெழுகுச் சட்டை

மழைக்குக் குடை பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறவன் என்ன செய்வான்? வலை இழுக்கிறவனும், கப்பலில் மூட்டை ஏற்றுகிறவனும், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனும் குடை பிடிக்க முடியுமா? அவர்களுக்காகப் பிறந்த ஒரு சட்டையின் கதை இது.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் நதி கடலோடு கலக்கிற இடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுகம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் பார்பர் 1894-ல் அங்கே வியாபாரம் தொடங்கி, மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் எண்ணெய்த் துணி உடுப்புகள் விற்றார். துணிக்கு எண்ணெய் ஏற்றும் வித்தை அவர் கண்டுபிடித்ததல்ல. பாய்மரக் கப்பல்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே அறிந்தது அது. பழசாகிப்போன பாயை வெட்டி, முதுகில் போர்த்துக்கொண்டு மழையைச் சமாளித்தார்கள் அவர்கள். பிற்பாடு எண்ணெயின் இடத்துக்கு மெழுகு வந்தது.

ஜானின் பேரன் டங்கனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். சர்வதேச ஆறு நாள் பந்தயத்துக்கென்று 1936-ல் அவர் ஒரு மெழுகுத் துணி உடுப்பை உருவாக்கினார். 'இண்டர்நேஷனல்' என்பதே அதன் பெயர். அந்தப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. சேற்றிலும் மேட்டிலும் ஆறு நாளும் வண்டி ஓட வேண்டும். பழுதானால் ஓட்டுகிறவனே சரிசெய்துகொள்ள வேண்டும். உடுப்பின் மார்புப் பை ஒன்று சாய்வாகத் தைக்கப்பட்டிருந்தது. அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள்! வண்டியில் உட்கார்ந்தபடியே வழிப்படத்தை எடுப்பதற்காக. 1977 வரையில் பிரிட்டிஷ் அணியினர் அநேகமாக எல்லோரும் இதைத்தான் அணிந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் 'அர்சுலா' என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் ஜார்ஜ் பிலிப்ஸ், மேல்தளத்தில் அலையடியில் நனைந்து நிற்கும் தம் ஆட்களுக்கு இந்த மோட்டார் சைக்கிள் உடுப்பைப் போலவே தைக்கச் செய்தார். கடலிலிருந்து சாலைக்குப் போன சட்டை, மறுபடியும் கடலுக்கே திரும்பியது. 1964-ல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் சினிமா நட்சத்திரம் ஸ்டீவ் மக்வீனும் அதை மாட்டிக்கொண்டு ஓட்டினார்.

1968-ல் அந்தக் குடும்பத்தின் மீது இடி விழுந்தது. நிறுவனரின் பெயரையே தாங்கிய இளைஞர் ஜான் திடீரென்று காலமானார். பள்ளி ஆசிரியையாக இருந்த மனைவி மார்கரெட்டின் கையில் சின்னக் குழந்தை. மாமியாரும் மருமகளும் என்றால் நம் கதைகளில் சண்டைதான். இங்கேயோ மாமியார் நான்சியும் மருமகள் மார்கரெட்டும் சேர்ந்து தொழிலைத் தூக்கி நிறுத்தினார்கள். 1972-ல் மார்கரெட் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இந்தச் சட்டைக்கு ஒரு குணம் உண்டு. மெழுகு நிலையாக நிற்காது. மழையிலும் வெயிலிலும் தேய்ந்துபோகும். அவ்வப்போது மறுபடி பூச வேண்டும். பழைய சட்டையை அனுப்பினால், கிழிசலைத் தைத்து மெழுகேற்றித் தருகிறது அந்தக் கம்பெனி. சேற்றையே மிதிக்காதவர்களும் இன்று அதை நாகரிகத்துக்காக வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால், தன்னைக் காக்கும் துணியைத் தானும் காக்க வேண்டும் என்பதைப் பழைய மாலுமி அறிந்திருந்தான். ஒரு தொழிலும் அப்படித்தான் என்பதை அந்த இரண்டு பெண்களும் அறிந்திருந்தார்கள்.