அக்கம்பக்கக் கண்காணிப்பு

அக்கம்பக்கக் கண்காணிப்பு என்பது ஒரு தெருவிலோ குடியிருப்பிலோ ஊரிலோ வாழும் மக்கள், தம் சுற்றுப்புறத்தில் நடப்பவற்றைக் கவனித்து, ஐயத்துக்கு இடமானவற்றைக் காவல்துறைக்கும் பாதுகாப்புக் குறைகளை உள்ளாட்சி அமைப்புக்கும் தெரிவிக்கும் கூட்டு ஏற்பாடு ஆகும். வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு, பொதுச்சொத்தைச் சேதப்படுத்துதல் போன்ற குற்றங்களை அவை நிகழும் முன்பே தடுப்பது இதன் முதன்மை நோக்கமாகும். இதில் பங்கேற்போர் தன்னார்வலர்கள். காவலருக்குரிய அதிகாரம் எதுவும் அவர்களுக்கு இல்லை. காண்பதும் தெரிவிப்பதும் மக்களின் பணி, விசாரிப்பதும் கைது செய்வதும் காவல்துறையின் பணி என்ற பிரிவினையே இவ்வேற்பாட்டின் அடிப்படை ஆகும். இப்பெயரிலான திட்டங்கள் 1970களில் ஐக்கிய அமெரிக்காவிலும், 1980களில் ஐக்கிய இராச்சியம், சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் பரவின.

வரலாறு

முற்காலம்

முறையான காவல்துறை தோன்றுவதற்கு முன்னர் ஊர்க்காவல் ஊராரின் பொறுப்பாகவே இருந்தது. இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1285 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வின்செஸ்டர் சட்டம், நகரங்களில் இரவுக்காவல் வைக்க வேண்டும் என்றும், குற்றம் நிகழ்ந்தால் ஊரார் கூக்குரல் எழுப்பிக் குற்றவாளியைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்றும் விதித்தது. கொள்ளையர் மறைந்திருக்க இடம் இல்லாதவாறு, சந்தை நகரங்களை இணைக்கும் பெருவழிகளின் இருபுறமும் 200 அடி வரை புதர்களை அகற்றவும் அச்சட்டம் ஆணையிட்டது.

தமிழகத்தில் ஊர்க்காவலையும் அதற்காகப் பெறப்பட்ட வரியையும் குறிக்கும் பாடிகாவல் என்ற சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. பிற்காலத்தில் ஊர்தோறும் தலையாரி எனப்படும் காவல் ஊழியர் இருந்தார்.

1829 இல் இராபர்ட் பீலின் முயற்சியால் இலண்டனில் பெருநகரக் காவல்துறை நிறுவப்பட்டது. அதன் பின்னர் காவல் என்பது ஊதியம் பெறும் தனித் தொழிலாக வளர்ந்தது. ஊராரின் நேரடிப் பங்கு படிப்படியாகக் குறைந்தது.

தற்காலத் திட்டங்களின் தோற்றம்

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961 இல் வெளியிட்ட நூலில், நகரத் தெருக்களின் பாதுகாப்பைக் காவலரைவிடக் கடைக்காரர்களும் குடியிருப்போரும் நடந்து செல்வோரும் இயல்பாகச் செலுத்தும் கவனமே பெரிதும் காக்கிறது என்று வாதிட்டார்.

மார்ச் 13, 1964 அதிகாலையில் நியூயார்க் நகரின் குயீன்சு பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தம் குடியிருப்பின் அருகே கொலை செய்யப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் எவரும் உதவ முன்வரவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. இச்செய்தி நாடெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. பலர் முன்னிலையில் தனிமனிதர் உதவத் தயங்குவது ஏன் என்பது குறித்து உளவியலாளர்கள் ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோர் ஆய்வு செய்து 1968 இல் முடிவுகளை வெளியிட்டனர். எனினும் 38 பேரும் முழுமையாக அறிந்தே வாளாவிருந்தனர் என்ற சித்திரிப்பு பிழையானது என்பது பின்னர் தெரியவந்தது. 2016 இல் அந்நாளிதழும் இதனை ஏற்றுக்கொண்டது. கொலை நடந்த காலத்தில் நாடு முழுமைக்கும் பொதுவான அவசர அழைப்பு எண் அமெரிக்காவில் இருக்கவில்லை. 911 என்ற எண்ணுக்கான முதல் அழைப்பு 1968 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் நகரில் செய்யப்பட்டது.

1972 இல் அமெரிக்காவின் தேசிய ஷெரிப்கள் சங்கம் அக்கம்பக்கக் கண்காணிப்பை நாடளாவிய திட்டமாகத் தொடங்கியது. ஐக்கிய இராச்சியத்தின் முதல் திட்டம் 1982 இல் செசயர் மாவட்டத்தின் மோலிங்டன் என்ற சிற்றூரில் தொடங்கப்பட்டது.

சிங்கப்பூரில் அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டம் 1981 இல் தொடங்கியது. சப்பானின் கோபான் எனப்படும் சிறு காவல் நிலையங்களை முன்மாதிரியாகக் கொண்டு, 1983 இல் தோ பாயோ வட்டாரத்தில் அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. சிற்றூர்களிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, அடுத்த வீட்டாரை அறியாமல் வாழ்ந்த மக்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவதும் அங்கு ஒரு நோக்கமாக இருந்தது.

செயற்படும் முறை

குற்றவியலாளர்கள் லாரன்ஸ் கோகன், மார்க்கஸ் பெல்சன் ஆகியோர் 1979 இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, குற்றம் செய்ய முனையும் ஒருவர், எளிதில் கிட்டும் இலக்கு, தடுக்கக்கூடிய காவல் இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேரும்போதே திருட்டு போன்ற குற்றங்கள் நிகழ்கின்றன. மூன்றில் ஒன்று நீங்கினாலும் குற்றம் தடைப்படும். அக்கம்பக்கக் கண்காணிப்பு இவற்றுள் பின்னிரண்டை மாற்ற முயல்கிறது.

பெரும்பாலான திட்டங்களில் பின்வரும் கூறுகள் காணப்படுகின்றன.

* தெருவுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். காவல் நிலையத்துக்கும் குடியிருப்போருக்கும் இடையே தகவலைக் கொண்டு செல்பவர் இவரே.
* திட்டம் செயற்படுவதை அறிவிக்கும் பலகைகள்.
* மிதிவண்டி, தொலைக்காட்சி போன்ற உடைமைகளில் உரிமையாளரை அறியத்தக்க அடையாளம் இடுதல். இதனால் திருட்டுப் பொருளை விற்பது கடினமாகிறது.
* பூட்டு, சன்னல், வெளிவிளக்கு ஆகியவை குறித்த அறிவுரை.
* வெளியூர் செல்வோரின் வீட்டை அடுத்த வீட்டார் பார்த்துக்கொள்ளுதல். வாசலில் குவியும் நாளிதழ்களும் எடுக்கப்படாத பால் பைகளும் வீட்டில் ஆள் இல்லை என்பதை எவருக்கும் காட்டிவிடும்.

குறைகளையும் ஐயங்களையும் தெரிவித்தல்

தெரிவிக்கப்படும் தகவலின் தரமே இத்திட்டத்தின் பயனைத் தீர்மானிக்கிறது. இடம், நேரம், நடந்தது என்ன, எத்தனை பேர், உடையும் உயரமும், வாகனத்தின் எண், சென்ற திசை ஆகியவை பயனுள்ள தகவல்கள் ஆகும். புதியவர் ஒருவர் தெருவில் நடமாடுகிறார் என்பது மட்டும் தகவல் ஆகாது. அவர் ஒவ்வொரு வீட்டின் கதவையும் திறந்து பார்க்கிறார் என்பது தகவல் ஆகும். அதாவது, ஆளின் தோற்றத்தை அன்றி, செயலை விவரிப்பதே சரியான முறையாகும்.

நடந்துகொண்டிருக்கும் குற்றத்துக்கும் பொறுத்திருக்கக்கூடிய செய்திக்கும் வேறுபாடு உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 1937 முதல் இயங்கும் 999 அவசரத்துக்கும், 101 மற்ற செய்திகளுக்கும் உரியவை. இந்தியாவில் 112 பொது அவசர எண் ஆகும். தெருவிளக்கு எரியாமை, புதர் மண்டிய மனை, இடிந்த சுற்றுச்சுவர் போன்றவை உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டியவை. இவை சிறு குறைகள் அல்ல. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடந்த தெருவிளக்கு மேம்பாடுகளை டேவிட் பாரிங்டன், பிராண்டன் வெல்ஷ் ஆகியோர் தொகுத்து ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றால் குற்றங்கள் ஏறத்தாழ 20% குறைந்தன என்று கணித்தது.

பழிவாங்கலுக்கு அஞ்சுவோர் பெயர் வெளியிடாமல் தகவல் தரும் ஏற்பாடும் உண்டு. குற்றத்தடுப்பாளர் எனப் பொருள்படும் கிரைம் ஸ்டாப்பர்ஸ் திட்டம் 1976 இல் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் தோன்றியது. ஐக்கிய இராச்சியத்தில் அப்பெயரிலான அறக்கட்டளை 1988 முதல் செயற்படுகிறது.

கிர்க்கோல்ட் திட்டம்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், 2,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட கிர்க்கோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுப்பகுதியில் வீட்டுத் திருட்டு மிகுந்திருந்தது. ஆய்வாளர்கள் பதிவுகளைப் பரிசோதித்தபோது, ஒருமுறை திருட்டுக்கு உள்ளான வீடே மீண்டும் திருட்டுக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுதி என்பது தெரிந்தது. எனவே குடியிருப்பு முழுவதையும் ஒரே அளவில் கண்காணிப்பதற்குப் பதிலாக, திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீடுகள் அளவிலான சிறு குழுக்கள் அவ்வீட்டைக் கவனித்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. இது கூட்டுப்புழுக் கூட்டுக்கு ஒப்பிடப்பட்டது. காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் அளவிகளை உடைத்துப் பணம் எடுப்பது வழக்கமாக இருந்ததால் அவையும் மாற்றப்பட்டன. ஐந்து மாதங்களில் திருட்டுகள் முன்பிருந்த அளவில் 40% ஆகவும், மூன்று ஆண்டுகளில் 25% ஆகவும் குறைந்தன.

பயன் குறித்த ஆய்வுகள்

எல்லா இடங்களிலும் இத்தகைய பயன் கிட்டவில்லை. இலண்டனின் இரண்டு பகுதிகளில் டிரெவர் பென்னட் மேற்கொண்டு 1990 இல் நூலாக வெளியிட்ட ஆய்வில் குற்றங்கள் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அறிவிப்புப் பலகை வைத்ததோடு பல குழுக்கள் நின்றுவிட்டன என்பது இத்தகைய திட்டங்களின் பொதுவான குறையாகக் கூறப்படுகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து பென்னட், ஹாலோவே, பாரிங்டன் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட மதிப்பீடு, அக்கம்பக்கக் கண்காணிப்பு 16% முதல் 26% வரையான குற்றக் குறைவோடு தொடர்புடையது என்று கூறியது.

குற்றம் குறைந்த, வசதியான பகுதிகளில் குழுக்கள் எளிதில் தோன்றுகின்றன என்பதும், குற்றம் மிகுந்து காவல்துறை மீது நம்பிக்கை குறைந்த பகுதிகளில் அவை நிலைப்பதில்லை என்பதும் மற்றொரு விமர்சனம் ஆகும்.

தமிழ்நாட்டில்

1993 இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், காவல்துறை நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னர் இது மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. சென்னையில் 2017 முதல் மூன்றாவது கண் என்ற திட்டத்தின் கீழ், வணிகர்கள், குடியிருப்போர் ஆகியோரின் பங்களிப்புடன் தெருக்களில் கண்காணிப்புக் கேமராக்கள் நிறுவப்பட்டன.

சட்ட அடிப்படையில், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்த தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013 இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஜூலை 1, 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா சட்டத்தின் 173 ஆவது பிரிவு, குற்றம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை ஏற்க வேண்டும் என்கிறது. மின்னணு முறையில் தரும் தகவலும் ஏற்கப்படும். ஆனால் தந்தவர் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும்.

எல்லை மீறலும் ஆபத்துகளும்

கவனிப்போர் தாமே காவலராகச் செயற்பட முனைந்த இடங்களில் உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. பிப்ரவரி 26, 2012 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சான்போர்டு நகரில், கண்காணிப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த ஜார்ஜ் சிம்மர்மன், டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் குறித்துக் காவல்துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். பின்தொடர வேண்டியதில்லை என்று அழைப்பை ஏற்றவர் கூறினார். அதன் பின்னர் ஏற்பட்ட மோதலில் சிறுவன் சுடப்பட்டு இறந்தான். அவனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. தற்காப்புக்காகச் சுட்டதாகக் கூறிய சிம்மர்மன் 2013 ஜூலையில் விடுவிக்கப்பட்டார். தன்னார்வலர்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது, எவரையும் பின்தொடரக் கூடாது என்பது தேசிய ஷெரிப்கள் சங்கத்தின் வழிகாட்டுதல் ஆகும்.

2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் வந்துள்ளனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே தமிழ்நாட்டில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்காக உறவினருடன் வந்திருந்த முதிய பெண் ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்ததால் ஐயுறப்பட்டு, கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அம்மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே முறையில் அனுப்ப இயலாதவாறு கட்டுப்பாடு விதித்தது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையினரால் தாக்கப்பட்டு இறந்த நிகழ்வில், காவல்துறை நண்பர்கள் அமைப்பினருக்கும் தொடர்பு இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் தமிழக அரசு அவ்வமைப்புக்குத் தடை விதித்தது.

இந்நிகழ்வுகளில் ஐயுறப்பட்டவர்கள் வெவ்வேறு வகையினர். எனினும் சான்போர்டிலும் போளூரிலும் ஐயம் தோன்றியதற்கும் காவல்துறை வந்து உண்மையை அறிவதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களை அக்கம்பக்கத்தார் தம் கையில் எடுத்துக்கொண்டனர் என்பது பொதுவானது. இந்தியச் சட்டப்படி, தம் முன்னிலையில் பிணையில் விட இயலாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரைத் தனியாள் ஒருவர் பிடித்து வைக்கலாம். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் அவரைக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். ஐயத்தின் பேரில் பிடிக்கவோ, பிடித்தவரைத் தாக்கவோ எவருக்கும் உரிமை இல்லை.