முகத்தில் போட்ட கோடு

கதை எழுதுகிறவனுக்கு மீசை மிகவும் சௌகரியமான வஸ்து. கதாநாயகனுக்கு அரும்பு மீசை, ஜமீன்தாருக்கு முறுக்கு மீசை என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பாதி ஆள் வாசகரின் கண்முன் வந்து நின்றுவிடுவார். நானும் எத்தனையோ பேருக்கு இப்படி மீசை வைத்திருக்கிறேன். வேண்டாதபோது எடுத்தும் இருக்கிறேன். ஒருவரும் என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. ஆனால் உயிருள்ள மனிதர்களின் முகத்தில் இப்படிக் கை வைத்தவர்கள் பட்ட பாட்டைச் சரித்திரத்தில் படித்தால், விளையாட்டான விஷயமாகத் தோன்றவில்லை.

முதலில் கத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மயிரை மழிப்பது ஒரு வேலை. மழிக்காமல் விட்ட மயிருக்கு ஓரம் கட்டுவது வேறு வேலை. பின்னதற்குக் கை மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். பழைய மடக்குக் கத்தியில் கூர் முழுவதும் வெளியே தெரியும். நாவிதர் அதைக் கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்துப் பதம் செய்துகொள்வார். இடது கை விரலால் தோலை இழுத்துப் பிடித்து, எந்த இடத்தில் எல்லை வேண்டுமோ அங்கே கூரை வைத்துக் கீழே இழுப்பார். கிருதாவும் மீசையும் அளவெடுத்தாற்போல நிற்கும். அந்தக் கத்தி நம் விருப்பப்படி நடக்கிறவரையில் சுகம்தான். பிறர் உத்தரவுப்படி நடக்க ஆரம்பித்தால்?

நம் வேலூரில் அப்படித்தான் நடந்தது. சென்னை ராஜதானியின் படைக்குச் சர் ஜான் கிரடாக் சேனாதிபதியாக இருந்த காலம்; கவர்னர் வில்லியம் பெண்டிங்க். சிப்பாய்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களைப் போலத் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் ஓர் ஆசை. 1805-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதற்கான ஏற்பாடுகள் நடந்து, 1806-இல் புதிய விதிகள் அமுலுக்கு வந்தன. உடுப்பு அணிந்திருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. எல்லா அணிவகுப்பிலும், எல்லாக் காவலிலும் முகவாய் மழுமழுவென்று இருக்க வேண்டும். மேலுதட்டு மயிரின் அளவும் வடிவமும் கூடியவரை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைக்கு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை!

சட்டம் எழுதியவருக்கு இது வெறும் சுத்தத்தைப் பற்றிய விஷயம். சிப்பாய்க்கோ வேறு விஷயம். முஸ்லிம் சிப்பாய்க்குத் தாடி மார்க்கத்தைச் சேர்ந்தது. ஹிந்துச் சிப்பாயின் வீட்டில் க்ஷவரத்துக்கு நாள் பார்ப்பார்கள். ஆகாத கிழமை உண்டு, துக்க காலத்துக்கென்று தனி முறை உண்டு. இத்தனையையும் பரேடு மைதானம் கேட்குமா? தலைப்பாகையோ வெள்ளைக்காரரின் தொப்பியை நினைவுபடுத்தியது. “இன்றைக்குத் தொப்பி, நாளைக்கு மதம்” என்ற பயம் படைவீடெங்கும் பரவிற்று.

மே மாதத்தில் வேலூரில் ஒரு படைப்பிரிவு தலைப்பாகையை அணிய மறுத்தது. மறுத்தவர்களில் இருவருக்குக் கசையடி கிடைத்தது. ஒருவர் ஹிந்து, மற்றவர் முஸ்லிம். ஜூலை 10-ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன்பே கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. 69-ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் மாண்டனர். திப்பு சுல்தானின் புதல்வர்கள் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். மைசூர்க் கொடி கோட்டையில் ஏறிற்று. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தான். காலை கழிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று இறந்த சிப்பாய்கள் பல நூறு பேர்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சவரக்கத்திதான் என்று நான் சொல்ல வரவில்லை. தலைப்பாகை பெரிய காரணம். திப்புவின் குடும்பம் அங்கே இருந்ததும் ஒரு காரணம். ஆனால், தன் முகமே தனக்குச் சொந்தமில்லை என்று ஒரு மனிதனுக்குத் தோன்றிவிட்ட பிறகு, மற்றக் காரணங்கள் தாமாக வந்து சேர்ந்துகொள்கின்றன. கம்பெனியாருக்கே இது பின்னால் புரிந்தது. உத்தரவுகள் ரத்தாயின. 1807-இல் கிரடாக், பெண்டிங்க் இருவருமே திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் ராணுவம் பிற்பாடு தன் சொந்தச் சிப்பாய்களின் முகத்தையும் விட்டு வைக்கவில்லை. முகவாயை மழிக்க வேண்டும், மேலுதட்டை மழிக்கவே கூடாது என்று விதி போட்டது. மீசை முளைக்காத பையன் என்ன செய்வான், பாவம்! 1916, அக்டோபர் 6-ஆம் தேதிதான் அந்த விதி நீங்கிற்று. நீக்கிய அதிகாரி சர் நெவில் மக்ரெடிக்கு மீசை என்றாலே பிடிக்காதாம்.

இதற்குள் கத்தியும் கை மாறத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் கிங் ஜில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதிக்கு, தேய்ந்ததும் எறிந்துவிடக் கூடிய மெல்லிய பிளேடு பற்றிய யோசனை 1895-இல் தோன்றியது. விற்பனை ஆரம்பித்த 1903-ஆம் ஆண்டில் போன ரேஸர்கள் 51. அடுத்த ஆண்டில் 90,000-க்கு மேல்! முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க சர்க்கார் சிப்பாய்களுக்காக வாங்கியவை சுமார் 35 லட்சம். கழுத்து அறுபடும் பயம் போயிற்று. கத்தி அவரவர் கைக்கே வந்தது. ஆனால் பயத்தைப் போக்கிய அதே தடுப்பு, கூரையும் கண்ணுக்கு மறைத்துவிட்டது. மழிப்பது சுலபமாயிற்று, ஓரம் கட்டுவது ஊகமாயிற்று. பிளேடுகள் இரண்டாகி, மூன்றாகிப் பெருகப் பெருக ரேஸரின் தலையும் பருத்தது. ஜில்லெட் கம்பெனி 2006-இல் ஐந்து பிளேடு ரேஸர் கொண்டுவந்தபோது, கோடு போடுவதற்கென்று அதன் முதுகில் ஆறாவதாக ஒற்றைப் பிளேடு ஒன்றையும் வைக்க வேண்டியிருந்தது. சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தார்கள்!

நம் ஊர்ச் சலூன்காரர் இந்தச் சுற்றெல்லாம் சுற்றவில்லை. புதுப் பிளேடு ஒன்றைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் செருகிக்கொள்கிறார். பழைய மடக்குக் கத்தி தயார். வாலிபனின் தாடி ஓரத்தில் அதை வைப்பதற்குமுன், கண்ணாடியைப் பார்த்து, “தம்பி, எதுவரைக்கும் எடுக்கட்டும்?” என்று கேட்கிறார். சின்னக் கேள்விதான். வேலூர்ச் சிப்பாய்களிடம் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.