கண்ணி: பூவிலிருந்து பாட்டுக்கு

சங்கப் பாட்டில் கண்ணி என்பது தலையில் சூடும் பூ. மார்பில் அணிவது தார். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து இரண்டையும் பிரித்தே சொல்கிறது. மூவேந்தரும் தமக்கென ஒரு பூவைச் சூடினர்: சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. பூக்களை இரண்டிரண்டாக வைத்து இடைவிட்டுத் தொடுப்பது கண்ணி. எதுகையால் இணைந்த ஈரடிக்கும் பின்னாளில் அதே பெயர் பொருந்திவிட்டது.

ஆனால் ஈரடியாக இருப்பதாலேயே ஒன்று, சொல்பவர் தம் உணர்வையே பாடும் தன்னுணர்ச்சிப் பாடல் ஆகிவிடாது. தமிழ்விடு தூதில் 268 கண்ணிகள். மதுரைச் சொக்கநாதர்மேல் காதல் கொண்ட பெண் தமிழையே தூது அனுப்புகிறாள். 'நான்' உண்டு, விளியும் உண்டு. எனினும் அந்த 'நான்' புலவர் புனைந்த பாத்திரம். வாக்கியம் கண்ணி கடந்து கண்ணிக்கு ஓடுகிறது. நடுவில் ஒன்றை உருவினால் பொருள் அறுந்துபோகும். அங்கே கண்ணி வெறும் அளவுதான்.

தாயுமானவரின் பராபரக்கண்ணிக்கு வாருங்கள். 389 கண்ணிகள், எதை எடுத்தாலும் தனியே நிற்கும். கதை நகர்வதில்லை, காலம் கடப்பதில்லை. ஒரே ஏக்கம் வெவ்வேறு கோணத்தில் எழுகிறது, ஒவ்வொரு முறையும் பராபரம் என்னும் பரம்பொருளை அழைத்து முடிகிறது. அந்த விளியை ஓசைக்கான ஒட்டு என்று தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பாது. பாடலின் உயிரே அதில்தான் இருக்கிறது. சொல்பவர் நமக்கு எதையும் விளக்கவில்லை. வேறொருவரிடம் பேசுகிறார், நாம் ஒட்டுக் கேட்கிறோம். தன்னுணர்ச்சிப் பாடலை இனங்காண இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

பிறரும் இப்படி ஒருவரை விளித்தே கண்ணி பாடினர். குதம்பைச் சித்தர் குதம்பை என்னும் காதணி அணிந்த பெண்ணை அழைத்தார். குணங்குடி மஸ்தான் சாகிபு, சூபி நெறியில் நின்று, இறையையே காதலியாக்கி மனோன்மணிக் கண்ணி பாடினார். பாரதியோ கிளிக்கண்ணியில் போலிச் சுதேசிகளைச் சாடினார். மேடையில் முழங்க வேண்டிய கண்டனம் அது. கிளியிடம் சொன்னதால் ஒரு மனிதனின் சொந்த வேதனையாகவும் ஒலிக்கிறது.

தன்னுணர்ச்சிப் பாடல் என்றதும் ஆங்கிலக் கவிஞர்களிடமிருந்தே பாடத்தைத் தொடங்குகிறோம். ஆசிரியர்களே, பராபரக்கண்ணியில் பத்துக் கண்ணிகளை முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இலக்கணத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.