கயிறு அறுந்தால் என்ன ஆகும்? – லிஃப்ட்டின் கதையும் ஓடிஸ் நிறுவனத்தின் கதையும்



சென்ற மாதம் ஒரு மாலை மின்சாரம் போனபோது நம் பி பிளாக் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே இருந்தவர்கள் நம் மூத்த மாமி ஒருவரும், டியூஷன் முடிந்து வந்த ஒரு சிறுவனும். இருபது நிமிடத்தில் இருவரையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட்டோம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மாமி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நின்னது சரிப்பா. கயிறு அறுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

சுற்றி நின்ற ஒருவருக்கும் உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை, எனக்கும்தான். பிறகு தேடிப் படித்தபோது, இந்தக் கேள்வி 170 ஆண்டுகள் பழையது என்றும், இதற்குப் பதில் சொன்னதால்தான் உலகின் மிகப் பெரிய லிஃப்ட் நிறுவனங்களில் ஒன்று பிறந்தது என்றும் தெரிந்தது. அந்த நிறுவனம் ஓடிஸ். அதன் கதையைப் படித்தால் லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதோடு, லிஃப்ட் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதும் புரியும். அடுத்த பொதுக்குழுவில் நம் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேச இருப்பதால், இரண்டையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கட்டிடத்தில் ஓடுவது எந்த நிறுவனத்தின் லிஃப்ட் என்பது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல. இது யாருக்கும் விளம்பரமும் இல்லை, யார் மீதும் புகாரும் இல்லை.

கட்டில் தொழிற்சாலையில் பிறந்த யோசனை

எலிஷா கிரேவ்ஸ் ஓடிஸ் 1811-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். வண்டி செய்வது, மர அறுவை மில் நடத்துவது என்று பல தொழில் செய்தும் எதிலும் நிலைத்துப் பணம் பார்க்காதவர். 1852-ல் நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் ஊரில் ஒரு கட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கனமான சரக்குகளை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

சரக்கு ஏற்றும் மேடைகள் அப்போதே இருந்தன. ஆனால் எல்லாமே ஒரு கயிற்றை நம்பியவை. கயிறு அறுந்தால் மேடை கீழே விழும், அதில் நிற்கும் ஆளும் போவான். அதனால் மனிதர்கள் ஏற பயந்தார்கள்.

ஓடிஸ் செய்தது எளிமையான வேலை. நம் ஊர் வில் வண்டியில் இருக்குமே, அது மாதிரி ஒரு இரும்பு வில்லை மேடையின் மேல்பக்கம் பொருத்தினார். கயிற்றை அந்த வில்லில் கட்டினார். மேடையின் எடையால் கயிறு இழுபட்டிருக்கும் வரை வில் வளைந்தே இருக்கும். கயிறு அறுந்தால் வில் சட்டென்று நிமிரும். நிமிர்ந்ததும் அதன் இரு முனைகளும், இருபுறமும் உள்ள தண்டவாளத்தின் பற்களில் போய் மாட்டிக்கொள்ளும். மேடை அங்கேயே நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஓடிஸ் கண்டுபிடித்தது லிஃப்ட்டை அல்ல. லிஃப்ட் விழாமல் நிற்பதற்கான வழியைத்தான். 1853-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். ஆரம்பத்தில் ஆர்டர்கள் மிகக் குறைவு. 1854-ல் நியூயார்க்கில் கிறிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் நடந்த பொருட்காட்சியில், கூட்டத்தின் நடுவே மேடையில் ஏறி உயரத்துக்குப் போய், தான் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றையே வெட்டச் சொன்னார். மேடை சில அங்குலம் இறங்கி நின்றது. பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

மேல்மாடிக்கு மதிப்பு வந்தது

1857 மார்ச் மாதம், நியூயார்க் பிராட்வே சாலையில் பீங்கான், கண்ணாடிப் பொருட்கள் விற்ற ஐந்து மாடிக் கடை ஒன்றில் ஓடிஸின் முதல் பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. நீராவியால் இயங்கியது. நிமிடத்துக்குச் சுமார் 12 மீட்டர் வேகம். படியேறுகிறவர் முந்திவிடலாம். ஆனாலும் அதன் விளைவு பெரிது. லிஃப்ட் வருவதற்கு முன் மேல்மாடி என்றால் வாடகை குறைந்த இடம். லிஃப்ட் வந்த பிறகு காற்றும் வெளிச்சமும் உள்ள மேல்மாடிக்குத்தான் கூடுதல் விலை. லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்புகளில் மூன்றாவது மாடி வீட்டுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

எலிஷா ஓடிஸ் இந்த வளர்ச்சியைப் பார்க்கவில்லை. 1861-ல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தார். வயது 49. மகன்கள் சார்லஸும் நார்ட்டனும் தொழிலை எடுத்து நடத்தினார்கள். 1873-க்குள் 2,000-க்கும் மேற்பட்ட ஓடிஸ் லிஃப்ட்டுகள் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்தன. 1889-ல் பாரிஸ் ஈஃபில் கோபுரத்தின் சாய்வான கால்களுக்குள் ஏறும் லிஃப்ட்டுகளைச் செய்துகொடுத்தார்கள். 1892-ல் கல்கத்தாவில், பின்னாளில் ராஜ்பவன் என்று அழைக்கப்பட்ட மாளிகையில் ஓடிஸ் லிஃப்ட் வந்தது. 1898-ல் பல லிஃப்ட் கம்பெனிகள் ஒன்றாக இணைந்து ஓடிஸ் எலிவேட்டர் கம்பெனி ஆனது.

கிணற்று ராட்டினமும் எதிர் எடையும்

பழைய லிஃப்ட்டுகளில் கயிறு ஒரு பெரிய உருளையில் சுற்றிக்கொள்ளும். கட்டிடம் உயர உயர உருளையும் பெரிதாக வேண்டும். அதனால் உயரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. 1903-ல் ஓடிஸ் கொண்டுவந்த கியர் இல்லாத மின்சார இயந்திரம் இந்த எல்லையை உடைத்தது. இதில் கயிறு உருளையில் சுற்றுவதில்லை. கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு சக்கரத்தின் மேல் போகிறது. ஒரு முனையில் லிஃப்ட் கூண்டு, மறு முனையில் எதிர் எடை. கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள பிடிமானமே லிஃப்ட்டை நகர்த்துகிறது. 1931-ல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் லிஃப்ட்டுகளும், துபாயின் புர்ஜ் கலீஃபாவில் ஓடிஸ் அமைத்த லிஃப்ட்டுகளும் அடிப்படையில் இந்த முறைதான். நம் மொட்டை மாடி லிஃப்ட் அறைக்குள் எட்டிப் பார்த்தால் அதே சக்கரத்தை நீங்களும் பார்க்கலாம்.

எதிர் எடை எவ்வளவு தெரியுமா? காலிக் கூண்டின் எடையோடு, அது ஏற்றக்கூடிய ஆட்களின் எடையில் ஏறக்குறைய பாதி. அதாவது ஒருவரோ இருவரோ மட்டும் உள்ளே இருந்தால், கூண்டைவிட எதிர் எடைதான் கனம். பிரேக் விட்டுப்போனால் அந்த நேரத்தில் லிஃப்ட் கீழே போகாது, மேலேதான் போகப் பார்க்கும்.

இப்போது மாமியின் கேள்விக்கு வருவோம். இன்றைய லிஃப்ட்டில் ஒரு கயிறு அல்ல, பல எஃகுக் கயிறுகள் உண்டு. தூக்க வேண்டிய எடையைவிடப் பல மடங்கு பலம் அவற்றுக்கு இருக்கும். அதையும் மீறிக் கூண்டு அளவுக்கு மேல் வேகமாக இறங்கினால், கவர்னர் என்ற கருவி அதை உணர்ந்து, கூண்டின் அடியில் உள்ள பிடிகளைத் தண்டவாளத்தில் இறுக்கிவிடும். ஓடிஸின் வில் இன்று இந்த வடிவத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் இயந்திரத்தின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் இருந்தால்தான் அது விடுபடும். ஆகவே அன்று லிஃப்ட் நடுவில் நின்றது, பிரேக் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கும் லிஃப்ட்டின் கதவைப் பலவந்தமாகத் திறந்து குதிக்கப் பார்க்கும்போது, கால் தவறி கூண்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் விழ வாய்ப்பு உண்டு. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அலாரம் அடித்துவிட்டு, பயிற்சி பெற்ற ஆள் வரும்வரை உள்ளேயே இருங்கள்.

லாபம் எங்கே இருக்கிறது?

இனி வியாபாரம். ஓடிஸ் நிறுவனத்தை 1970-களின் நடுவில் யுனைடெட் டெக்னாலஜிஸ் என்ற பெருநிறுவனம் வாங்கியது. 2020 ஏப்ரலில் அது மீண்டும் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2023-ல் அதன் விற்பனை சுமார் 1,420 கோடி டாலர். இதில் புது லிஃப்ட், எஸ்கலேட்டர் விற்று வந்தது பாதிக்கும் குறைவு. மீதி, பராமரிப்பிலும் பழையதைப் புதுப்பிப்பதிலும் வந்தது. லாபத்தில் பெரும்பகுதியும் பராமரிப்பிலிருந்துதான். அந்த ஆண்டு உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் லிஃப்ட்டுகளும் எஸ்கலேட்டர்களும் அவர்கள் பராமரிப்பில் இருந்தன.

இது ஓடிஸுக்கு மட்டும் உரிய வழி அல்ல, பெரிய லிஃப்ட் நிறுவனங்கள் பெரும்பாலும் நடப்பது இப்படித்தான். லிஃப்ட்டை ஒருமுறைதான் விற்க முடியும். ஆனால் அது இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடும். அத்தனை ஆண்டும் எண்ணெய், பிரேக், கயிறு, கண்ட்ரோல் போர்டு என்று ஏதாவது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். பில்டர் லிஃப்ட் வாங்கும்போது விலை பார்த்து வாங்குகிறார். வீட்டுச் சாவி நம் கைக்கு வந்த பிறகு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் நாம்.

இந்தத் துறையில் போட்டி எப்போதும் நேர்மையாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2007-ல் ஐரோப்பிய ஆணையம் ஓடிஸ், கோனே, ஷிண்ட்லர், தைசன்குரூப் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு மொத்தம் 99.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. பெல்ஜியம், ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் டெண்டர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. புது லிஃப்ட் மட்டுமல்ல, பராமரிப்பும் அதில் அடக்கம். மூன்று கொட்டேஷன் வாங்கிவிட்டாலே விலை நியாயமாகிவிடும் என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

யாங்கர்ஸ் கற்றுக்கொடுத்த பாடம்

ஓடிஸ் பிறந்த ஊரான யாங்கர்ஸில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1970-களில் தொழிற்சாலையை விரிவாக்குவதற்காக அந்த நகராட்சி பொதுப்பணத்தில் உதவி செய்து நிலம் ஏற்பாடு செய்தது. கம்பெனி ஊரை விட்டுப் போகாது என்பது நம்பிக்கை. ஆனால் 1983-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. நகராட்சி வழக்குப் போட்டது. 1988-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. காரணம், குறிப்பிட்ட காலம் இங்கேயே இருப்போம் என்ற வாக்குறுதி ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லை. நூற்று முப்பது ஆண்டுப் பழக்கம் நீதிமன்றத்தில் செல்லவில்லை.

நமக்கும் பாடம் அதுதான். "சார், போன் பண்ணா அரை மணியில ஆள் வந்துடும்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வது வேறு, ஒப்பந்தத்தில் இருப்பது வேறு. அதனால் பொதுக்குழுவுக்கு வரும் முன் இந்தக் கேள்விகளை யோசித்துக்கொண்டு வாருங்கள்:

1. கயிறு, கண்ட்ரோல் போர்டு, கதவு மோட்டார் ஆகியவை ஆண்டுக் கட்டணத்தில் அடங்குமா, தனி பில்லா? எது அடங்காது என்ற பட்டியல் எழுத்தில் உண்டா?
2. ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும்? வராவிட்டால் என்ன?
3. பிரேக், கவர்னர், பிடிகள் ஆகியவற்றைச் சோதித்த தேதி பதிவேட்டில் இருக்கிறதா? சோதிக்கும்போது நம் தரப்பில் யாராவது உடன் இருந்தார்களா?
4. தமிழ்நாடு லிஃப்ட் சட்டம், 1997-ன் கீழ் நாம் வைத்திருக்க வேண்டிய உரிமம் எந்தத் தேதி வரை செல்லும்?
5. மின்சாரம் போனால் லிஃப்ட்டை அடுத்த மாடிக்குக் கொண்டுசென்று கதவைத் திறக்கும் பேட்டரிக் கருவி நம் லிஃப்ட்டில் இருக்கிறதா? இருந்தால் பேட்டரி உயிரோடு இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். கருவி இருக்கிறது, பேட்டரிதான் செத்துப்போயிருந்தது. அதை மாற்றுவது யார் பொறுப்பு என்று நம் ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட இல்லை. இருபது நிமிடம் இருவர் இருட்டில் நின்றதற்குக் காரணம் இதுதான். இதில் தவறு அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்ட செயற்குழுவினுடையதும்தான். அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

மாமியிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கயிறு அறுந்தா பயம் இல்லை. பேட்டரிக்குத்தான் பயப்படணும்னு சொல்லு" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள்.