இசைத்தட்டும் ஊசியும்

இலங்கையில் ஒலிபரப்புப் பிறந்தபோது அதன் முதற் குரல் இசைத்தட்டின் குரலாகவே இருந்தது. கொழும்புத் தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலே, பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரும் அவர்தம் துணைவர்களும் கிராமபோன் இசையையே வானலையிற் செலுத்திப் பரிசோதித்தனர். அதன் பின்னரே, 1925 டிசெம்பர் 16ஆந் திகதி, கொழும்பு நிலையம் முறைப்படி தொடங்கியது. வானொலிக்கு முன்னோடி இசைத்தட்டு. வானொலி வந்த பின்னரும் அது மறையவில்லை. நிலையம் விரும்பும் வேளையிற் கேட்பது ஒன்று. வீட்டார் விரும்பும் வேளையிற் கேட்பது வேறொன்று அன்றோ?

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கடலோர வீதியில் நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் தொடர்கின்றன. அக்கரைப்பற்றை ஒட்டினாற்போல் இருப்பது ஆலையடிவேம்பு. மேற்கே வயல், கிழக்கே கடல். முஸ்லிம் மக்கள் வாழும் ஊரும் தமிழர் வாழும் ஊரும் வேலியும் வேலியுமாக நிற்கும் இக்கரையில், ஒரு வீட்டிலே நாகூர் ஹனீபாவின் குரலும் மறு வீட்டிலே கே. பி. சுந்தராம்பாளின் குரலும் கேட்பது புதுமையன்று. பாட்டு வேறாயினும் கருவியைப் பற்றிய கவலை இரு வீட்டாருக்கும் ஒன்றே. உப்புக் காற்று, வாடைக்காலத்து ஈரம், கோடை வெயில், நம்பமுடியாத மின்சாரம் ஆகிய நான்கையும் கருதியே இங்கு இசைத்தட்டுக் கருவியைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது.

முதலில் வந்த கிராமபோன் இந்த நான்கில் ஒன்றை எளிதாக வென்றது. அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே வில் முறுகும். வில் விரிய விரியத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். எச். எம். வி. கொம்பனி 1931இல் வெளியிட்ட 102ஆம் இலக்கப் பெட்டி போன்றவை, மூடிக் கையிலே தூக்கிச் செல்லத்தக்கவை. ஆனால் வில்லும் ஊசியும் உருக்கு. உப்புக் காற்று அவ்விரண்டையும் விட்டுவைப்பதில்லை.

அத்தட்டு அரக்கினால் ஆனது. இந்தியக் காடுகளிலே மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரந்ததைத் திரட்டி, கற்பொடி கலந்து அழுத்திச் செய்தார்கள். கற்பொடி கலந்ததற்குக் காரணம் உண்டு. உருக்கு ஊசியின் முனையைத் தட்டே தேய்த்துப் பள்ளத்துக்கேற்ற வடிவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அமைப்பு. ஆகவே ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. சிக்கனம் கருதி ஒரே ஊசியால் பத்துப் பக்கம் ஓட்டினவர்கள், ஊசியில் மிச்சம்பிடித்த சதத்துக்கு ஈடாகப் பாட்டையே கொடுத்தார்கள். கூர்பட்ட விளிம்பு பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிட்டது. மூங்கிலிலும் முள்ளிலும் செய்த ஊசிகளும் விற்பனைக்கு இருந்தன. ஒலி சற்றுக் குறையும். தட்டு நீண்ட நாள் வாழும். கருவி வாங்கியவன் அன்றே செய்ய வேண்டியிருந்த உண்மையான தெரிவு இதுதான் எனலாம்: இன்றைக்கு உரத்த ஒலியா, நாளைக்கும் கேட்கும் பாட்டா?

1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்வாசிக்குச் சற்று மேல், அதாவது நூறு சுற்றை மூன்று நிமிடத்தில் ஓடும் நெடுந்தட்டை வெளியிட்டது. மறு ஆண்டு ஆர். சி. ஏ. நிறுவனம் 45 சுற்றுச் சிறுதட்டைக் கொண்டுவந்தது. மூன்று நிமிடத்துக்குள் இராகத்தைச் சுருக்கிப் பாடிய காலம் போய், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாட வாய்த்தது. பழைய அரக்குத் தட்டுக்களையும் விட மனமில்லாத வீட்டாருக்காக, கறட், கொலாரோ, பி. எஸ். ஆர். முதலிய பிரித்தானிய நிறுவனங்கள் பல வேகத்திலும் ஓடும் கருவிகளைச் செய்தன. றேடியோகிராம் என்னும் பெரும் மரப்பெட்டிகளுக்குள் அமர்ந்திருந்தவை பெரும்பாலும் இத்தகையவையே.

இங்கேதான் பெரும் பிழை நிகழ்ந்தது. அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது; அதற்குரிய ஊசிமுனையின் ஆரை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவினது. நெடுந்தட்டுக்கோ ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். ஆகவே பிக்கப்பில் இரு ஊசிகளைப் பொருத்தி, சிறு பிடியொன்றைத் திருப்பி மாற்றிக்கொள்ள வசதி செய்தார்கள். திருப்ப மறந்தவர் பலர். மெல்லிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியிலே கிடந்து அழுக்கை வாசித்து இரைந்தது. தடித்த ஊசியோ நெடுந்தட்டின் பள்ளத்தை ஒரே மாலையில் உழுதுவிட்டது. தட்டு மோசம் என்று தட்டின்மேற் பழி போயிற்று.

கருவியை மேம்படுத்த எண்ணுவோர் பெரிய ஒலிபெருக்கியையே முதலில் நாடுவர். அது தலைகீழான வழி. பள்ளத்தைத் தொடுவது ஊசி ஒன்றே. அங்கே தவறியதை அதன் பின்னர் எந்தக் கருவியும் மீட்க முடியாது. பழைய படிகப் பிக்கப், தட்டின் மேல் ஆறு கிராமும் அதற்கு மேலும் பாரமாக அழுத்திற்று. நல்ல காந்தப் பிக்கப்புக்கு இரண்டு கிராம் அளவே போதும். நீலக்கல் முனை சில பத்து மணி நேரம் உழைக்கும்; வைர முனை பல நூறு மணி நேரம் உழைக்கும். காந்தப் பிக்கப் தரும் மின்னழுத்தமோ ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே. ஆதலால் அதற்கு முன்பெருக்கி ஒன்று தனியே வேண்டும். அம்முன்பெருக்கி, தட்டை வெட்டும்போது குறைத்த தாழ்சுரத்தை ஏற்றியும் கூட்டிய உச்சசுரத்தை இறக்கியும் சமன் செய்கிறது.

இனி மின்சாரம். கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை அணையிலே நீர்மின் நிலையம் எழுந்தது. எனினும் கம்பி ஊருக்கு வருவது வேறு, வீட்டுக்குள் வருவது வேறு. பல வீடுகளில் கிராமபோன் வில்லின் முறுக்கிலேயே நெடுங்காலம் பாடியது. 1970க்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியதால் புதிய கருவி கிடைப்பதே அரிதாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர்க் கசற் கருவிகள் வந்து குவிந்தன. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்று திரும்பியவர்களின் பெட்டிகளிலும் ஒலிக்கருவிகள் வந்தன.

அப்படி வந்த தட்டுக்கருவிகளில் ஒரு புதிர் இருந்தது. சவூதி அரேபியாவின் மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று. அக்காலத்தில் அங்கே பல இடங்களில் மின்னழுத்தம் 127 வோல்ற்று. இலங்கையிலோ 230 வோல்ற்று, 50 சுற்று. மின்மாற்றி வாங்கிப் பூட்டினால் வோல்ற்று சரியாகிவிடும், சுற்று மாறாது. மின்சாரத்தின் சுற்றைப் பின்பற்றியே ஓடும் மோட்டாராயின் தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்திலே ஓடும். ஒரு கட்டைச் சுருதியிலே பாடிய பாடகர் மூன்று சுரத்தானம் இறங்கிக் கீழ் ஆறு கட்டையிலே பாடுவார், நடையும் தளரும். பாட்டு அறியாதவருக்கு அதுவே பாடகரின் குரல் என்று படும். இதற்கு மருந்து மோட்டார் அச்சிலுள்ள சிறு கப்பியை ஐந்தில் ஒரு பங்கு பெரியதாக மாற்றுவதே. மின்மாற்றிக்காகச் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய பொருள்.

1982 ஒக்டோபரில் யப்பானில் சோனி நிறுவனம் முதல் இறுவட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் முறையைப் பிலிப்ஸ் நிறுவனமும் சோனியும் சேர்ந்து வகுத்திருந்தன. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதித்தார்கள். ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குள் அறுநூறுக்கு மேற்பட்ட சுற்றுவரிகள், வாசிப்பது ஒளிக்கதிர். தொடும் ஊசி இல்லை. ஆகவே தேய்வும் இல்லை. இதனால் மேம்பாட்டின் முறையும் புரண்டுவிட்டது. நன்றாக வேலை செய்யும் இரு இறுவட்டுக் கருவிகளுக்கிடையே காதுக்குப் புலனாகும் வேறுபாடு சிறிது. இரு ஒலிபெருக்கிகளுக்கிடையே பெரிது. இங்கு மட்டும் பணம் ஒலிபெருக்கிக்குச் செல்வது தகும். கடற்கரை வீட்டிலே கருவியின் ஆடிவில்லையில் படியும் புழுதியும் ஈரமுமே அதற்குப் பெரிய பகை.

ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஏதோ கொஞ்சம் பின்தங்கிப்போயிற்று. அரக்குத் தட்டில் வந்த தமிழ்ப் பாடல் எல்லாம் நெடுந்தட்டுக்கு ஏறவில்லை. நெடுந்தட்டில் இருந்தவை எல்லாம் இறுவட்டுக்கும் ஏறவில்லை. புதிய கருவி வாங்கியவன் பழையதை விற்றபோது, அதனோடு எந்தப் பாட்டுக்கள் ஊமையாயின என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டக் கரையே. உயிர் போன வீட்டிலே தட்டைப் பற்றிப் பேசுவார் எவருமிலர். எனினும் சேறு படிந்த தட்டு, கறையான் அரித்த பெட்டிக்குள் கிடந்த தட்டு என எஞ்சியவற்றைக் கழுவிக் கேட்க விரும்புவோர் ஒன்றைத் தெரிந்திருத்தல் வேண்டும். வினைல் நெடுந்தட்டைத் துடைக்கும் ஸ்பிரிற்று திரவம் அரக்குத் தட்டை இளகிக் கரைத்துவிடும். அரக்குத் தட்டுக்குக் குளிர்ந்த நீரும் ஒரு துளி மென்சவர்க்காரமும் மெல்லிய துணியுமே ஏற்றவை. நடுவிலுள்ள காகிதச் சீட்டு நனையாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த பின்னர், 78 வேகம் உள்ள கருவியில், அத்தட்டுக்கே உரிய அகன்ற ஊசியைப் பூட்டி, முதல் ஓட்டத்திலேயே அதனைப் பதிவு செய்துகொள்வது நல்லது. சுவர் நலிந்த தட்டு இரண்டாம் முறை அதே குரலைத் தராமற் போகலாம்.